ட்ரிப் சுவிச்

இருபத்தெட்டாம் மாடியில் ஏசி ஒழுகுதாம்
என்று முதலாளி அனுப்பினார்.
கோட்டையில் அந்த உயரக் கட்டடத்து வாசலில்
அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு
வேறொரு மட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள்.
ஏணிக்கு மட்டை இல்லை.
அதைச் சாமான் லிஃப்டில் ஏற்றினான் சுரங்க.

பங்குச்சந்தை என்றால்
நாலாம் குறுக்குத்தெரு மாதிரி இருக்குமென்று நினைத்திருந்தேன்.
வெங்காய லொறி வந்து நிற்கும்.
மூன்று கடைக்காரர் ஒரே மூட்டையில் கைவைத்து
ஒருவர் தாயை இன்னொருவர் வம்புக்கு இழுத்து
பிறகு ஒன்றாய் நின்று பிளேன்டீ குடிப்பார்களே,
அப்படி.

இங்கே சத்தமே இல்லை.
முப்பது பேர், ஆளுக்கு இரண்டு திரை.
பாவசங்கீர்த்தனத்துக்குக் குனிந்தவர்கள் போல
தொலைபேசிக்குள் மெல்லப் பேசுகிறார்கள்.
சுவர் நீளத்துக்கு எண்கள் ஊர்கின்றன
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
வழிதவறி வந்த ஒரு பச்சை.
எனக்கு விளங்கிய எண் ஒன்றுதான்:
கதவோரம், சின்னப் பெட்டியில், இருபத்தொன்பது பாகை.

ரெஹானா என்ற பெண்ணின் மேசையில்தான் ஒழுக்கு.
பிஸ்கட் டின் ஒன்றை ஏந்த வைத்திருந்தார்.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்
"விக்கவா, வச்சிருக்கவா" என்று
யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏணியில் ஏறி சீலிங் பலகையைத் தள்ளினேன்.
மேலிருந்து பார்த்தால் கோட்டும் டையும் தெரியாது.
வழுக்கை தெரியும்.
மேசைக்கடியில் கழற்றிவிட்ட சப்பாத்தும்
காலுறை ஓட்டைக்குள்ளால்
நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெருவிரலும் தெரியும்.

வடிகுழாயில் அடைப்பு.
"போடு" என்றேன்.
வெளியே பலகையில் சுரங்க சுவிச்சை இறக்கினான்.
டக்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.
"பிரேக்கர்!"
"சர்க்கிட் பிரேக்கர் விழுந்திட்டுது!"
முப்பது தொலைபேசியும் ஒன்றாய் அலறின.
சுவரில் எண்கள் அப்படியே நின்றன,
கால் தூக்கிய எறும்புகள் மாதிரி.

ஏணியில் நான் விறைத்துப்போனேன்.
வெளிறிய முகத்தோடு சுரங்க ஓடி வந்தான்:
"அய்யே, நான் மூணாவது சுவிச் மட்டும்தான்…"

ரெஹானா சிரித்தார்.
அன்று அவர் சிரித்த முதல் சிரிப்பாக இருக்கவேண்டும்.
"நீங்க இல்ல தம்பி.
சந்தை ஒரேயடியா விழுந்தா தானா நிப்பாட்டிப்போடும்.
அரை மணித்தியாலம்."

அட, இதற்கும் ட்ரிப் சுவிச்.
அளவுக்கு மேல் பாய்ந்தால்
கம்பி எரியாமலிருக்க.
வயரிங் செய்தவன் வேலை தெரிந்தவன்.

ரூபாய் விழுந்த அந்த வருஷம்
ஏசி காஸ் சிலிண்டர்
திங்கட்கிழமை ஒரு விலை, வியாழன் வேறு விலை.
பால்மாவும் அப்படித்தான்.
அதை நிப்பாட்ட ஒரு சுவிச் எங்காவது இருந்திருக்கலாம்.
இருட்டில் யார் தேடுவது?
கரண்டும் இல்லையே அப்போது.

அரை மணித்தியாலம் எனக்குப் போதும்.
குழாயை ஊதினேன். பச்சைப் பாசி
ஜெலி மாதிரி வழுக்கி வாளியில் விழுந்தது.
"இப்ப போடு."

குளிர் இறங்கியது.
செய்ய ஒன்றுமில்லாத மனிதர்கள்
ஒவ்வொருவராய் வந்து அதன் கீழே நின்றார்கள்.
முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி,
ஒருவர் டையைத் தளர்த்தி,
வெள்ளவத்தைக் கரையில் பின்னேரம் நிற்பவர்கள் மாதிரி.
யாரும் ஒன்றும் விற்கவில்லை.
பிறகு சுவர் அசைந்தது.
ஓடிவிட்டார்கள்.

பில்லை ரெஹானா வாசிக்காமலே ஒப்பமிட்டார்.
கண் திரையில்.
பிஸ்கட் டின்னை மட்டும்
எடுக்க வேண்டாம் என்றார், இருக்கட்டுமாம்.

முதலாளி போனில் கேட்டார்: "எவ்வளவு?"
"ஒரு வாளி" என்றேன்.

சாமான் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஏணியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு
ஆட்கள் போகிற லிஃப்டிலேயே இறங்கினோம்.
கதவுக்கு மேலே சிவப்பில்
இருபத்தேழு, இருபத்தாறு, இருபத்தைந்து.
எங்களோடு வந்த டைக்காரர்
அதைப் பார்க்காமல்
என் ஏணியின் படிகளை
எண்ணிக்கொண்டே வந்தார்.