கேட் மூடியிருந்தபோது

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"
என்பதற்கு என்னிடம் இருந்தது
பெனிட்டா எழுதிக்கொடுத்த அரைப் பக்கம்.
கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவள்,
சவால்களை விரும்புகிறவள்.
தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு
இதையெல்லாம் மனப்பாடம் செய்தேன்.
முன்னால் நின்ற ஒருத்தி
என் குடத்தைக் காலால் தள்ளியபோது
அந்தச் சவாலை நான் விரும்பவில்லை.

பெனிட்டா கிண்டியில் வேலை செய்கிறாள்.
அவளுக்குத் தெரியும்.
விலாசத்தில் காசிமேடு வேண்டாம் என்றாள்,
அண்ணா நகரில் அவள் சித்தி வீட்டைப் போட்டுக்கொள்ளலாம்.
படிப்புக்கும் இன்றைக்கும் நடுவில் கிடக்கும்
மூன்று வருஷத்தைக் கேட்டால்
'குடும்பச் சூழ்நிலை' என்று சொல்லித்
தலையைக் குனிந்துகொண்டால் போதும்,
மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள்.

அந்த மூன்று வருஷமும்
ஐஸ் கம்பெனியில் பில் போட்டேன்.
ராத்திரி ரெண்டு மணி, லாஞ்சுகள் கிளம்பும் நேரம்.
ஈரத்தில் பேனா எழுதாது, பென்சில்தான்.
நூற்றி நாற்பது பார் என்பான் ஏற்றுகிறவன்,
நூற்றி முப்பத்தெட்டுதான் வந்தது என்பான் லாஞ்சுக்காரன்,
நடுவில் ரெண்டு பார் உருகிக்கொண்டிருக்கும்.
அதற்கும் கணக்கு எழுத வேண்டும்
அது தண்ணீராவதற்குள்.

நேற்று ஒத்திகைக்காகக் கிளம்பினேன்,
அம்பத்தூர் குளிர்பதனக் கிடங்குக்கு
எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க.
சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை.
இஸ்திரி போட்ட நீலச் சுடிதார்
வீட்டில் ஆணியில் தொங்கியது.
கொருக்குப்பேட்டை கேட்
வழக்கம்போல மூடிக்கிடந்தது.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர், ஒரு மிக்ஸி ஜார்.
கூட்ஸ் வண்டி ஊர்ந்தது.
என் உதடு அசைந்துகொண்டிருந்தது போல.

"இன்னாமா, தனியாப் பேசிக்கினு கீறே?"
கண்ணாடியில் பார்த்துக் கேட்டான் டிரைவர்.
சொன்னேன். அதுதான் தப்பு.
"அப்ப நான்தான் மொதலாளி. சொல்லு, உனக்கு இன்னா தெரியும்?"
அரைப் பக்கமும் வாயிலிருந்து கொட்டியது.
"இது இன்னா, ரேஷன் கடை போர்டு மாதிரி"
என்றாள் மிக்ஸி ஜார்க்காரி.
"சம்பளம் எவ்ளோ கேப்பே?"
டியூஷனுக்குப் போகிற பையன் மட்டும்
அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு
"மூணு வருஷமா என்ன பண்ணீங்க?" என்றான்.

தலையைக் குனியத்தான் பார்த்தேன்.
யாரோ மடியில் வைத்திருந்த நண்டுக் கூடை
இடம் விடவில்லை.
நிமிர்ந்தே சொன்னேன்:
பார் ஐஸ், பென்சில்,
குடித்துவிட்டு வந்து பில்லைக் கிழித்த லாஞ்சுக்காரன்,
நான் கார்பன் காப்பியை எடுத்து நீட்டினது,
மறுநாள் அவன் வந்து பாக்கியை வைத்தது.
யாரும் கைதட்டவில்லை.
"எந்த லாஞ்சு?" என்று மட்டும் கேட்டாள்
மிக்ஸி ஜார்க்காரி.

கேட் ஏறியது.
"அம்பத்தொம்போது பொட்டி" என்றான் டிரைவர்,
கியர் போட்டபடி.
"அம்பத்தெட்டு" என்றேன்.
பேசிக்கொண்டே எண்ணியிருக்கிறேன்,
எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
"கார்டு பொட்டியச் சேத்தா அம்பத்தொம்போது.
சரக்குன்னா அம்பத்தெட்டு."
அவன் திரும்பிப் பார்த்தான்.
"எட்டுதான்" என்றான் அந்தப் பையன்.

இன்றைக்கு கேட் திறந்திருந்தது.
ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன்.
கையில் எலுமிச்சைத் தோல் தேய்த்தது தப்பு,
ஊறுகாய் வாசனை அடிக்கிறது.
வயிறு கலங்காமல் இல்லை.
வாட்ச்மேனின் பேனா
இரண்டு எழுத்தோடு நின்றுபோனது.
பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.
பெயர்: செ. நவமணி.
விலாசம் என்ற கட்டத்தில்
காசிமேடு என்று
கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

"பென்சில்ல எழுதினா அழிஞ்சிடுமேம்மா."
"ஈரத்துல அழியாதுண்ணே."

நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர்.
ஒன்று, இரண்டு, மூன்று,
எண்ணிக்கொண்டே ஏறுகிறேன்.