கிழக்கு எல்லை

காலை பத்து மணிக்குள் மடித்துவிட வேண்டும்.
பிறகு கடல்காற்றின் ஈரம் கடதாசிக்குள் குடியேறிவிடும்.
நகத்தால் எவ்வளவு அழுத்தினாலும்
மடிப்பு மெல்ல வாய் திறக்கும்.
மடித்ததை மெஷினின் முதுகில்,
அந்தச் சூட்டில், மத்தியானம் வரை வைத்திருப்போம்.

கச்சேரிக்குப் போகிற வழியில் எங்கள் போட்டோக்கொப்பிக் கடை.
பழுதான பிரதிகள் நாளுக்கு முப்பது, நாற்பது:
மை அப்பிய அடையாள அட்டைகள்,
தலைப்பு வெட்டுப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள்,
கோணலாய் விழுந்த சம்பளச் சிட்டைகள்.
கச்சான் விற்கிற மனிசிக்குக் கொடு என்பார் முதலாளி.
பாதியைத்தான் கொடுப்போம்.

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் றிஸ்மின்
கூர்மூக்குக் கட்சி.
அம்பு போல மடிப்பான், அம்பு போல எறிவான்,
பதினெட்டாவது எட்டில்
அம்பு போலவே மண்ணில் குத்தும்.

நான் அகலச் சிறகுக் கட்சி.
மூக்கை மூன்று தரம் உள்ளே சுருட்டிப் பாரம் கொடுப்பேன்,
பின்விளிம்பை ஓர் அரிசியளவு மேலே தூக்கிவிடுவேன்.
எறிய மாட்டேன்.
நித்திரையான பிள்ளையைக் கை மாற்றுவது போல
காற்றிடம் கொடுத்துவிட்டுக் கையை எடுப்பேன்.
நாற்பத்தொரு எட்டு.
(என் எட்டுச் சின்னது என்று அவன் வழக்குப் போட்டதால்
அவன் காலாலேயே அளந்தது.)

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை,
கச்சான் காற்று கடலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது.
மைதானத்து ஓரத்தில் நின்று
மெஷின் முதுகிலிருந்து அள்ளி வந்ததில் கடைசியை எடுத்தேன்.
தடித்த தாள். கொஞ்சம் சொரசொரப்பு.
விரலுக்கு விளங்கியது,
தோள் அதற்குள் கொடுத்துவிட்டது.

அது போனது.
நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி,
ஒரு தரம் சரிந்து, யோசித்து, நிமிர்ந்து,
ரோட்டைக் கடந்து, ஐஸ்கிறீம் வானுக்கு மேலால்
கடற்கரை மணலுக்கு.
றிஸ்மின் எண்ணுவதை விட்டுவிட்டு ஓடினான்.
நான் வேறு காரணத்துக்காக ஓடினேன்.

அறுபத்தோராம் ஆண்டு உறுதி, மூன்றாம் பக்கம், அசல்.
சாம்பல்தீவு அருமைலிங்கம்
காலையில் ஐந்து பக்கம் தந்து
பின்னேரம் வருகிறேன் என்று போனவர்.

எங்களுக்கு முன்னே மான் போய்விட்டது.
இந்த ஊர் மான்களுக்குக் காடு வேண்டாம்,
லஞ்ச் ஷீற் போதும்.
இடது சிறகைக் கவ்விக்கொண்டு
மரியாதையாய் நடந்தது, ஓடக்கூட இல்லை.
றிஸ்மின் தன் சோற்றுப் பார்சலைப் பிரித்து நீட்டினான்.
மான் யோசித்தது.
யோசித்த நேரத்தில் ஒரு மூலை போய்விட்டது.

முதலாளியின் அயன் பெட்டியால் தேய்த்தேன்.
மடிப்புகள் போகவில்லை,
வெள்ளையாய், ஆறு கோடாய் நின்றன.

அருமைலிங்கம் கண்ணாடியைப் போட்டார்.
கோடுகளைத் தடவினார். கடித்த மூலையைத் தடவினார்.
அங்கே இருந்தது ஒரே ஒரு வரியின் பாதி:
கிழக்கு எல்லை: கட
மிச்சம் மானின் வயிற்றில்.

நான் எல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.
அவர் கேட்டது இதுதான்:
"எந்தப் பக்கம் போனது, பிள்ளை?"
"கடல் பக்கம், ஐயா."
"அந்தக் காணிக்குள்ளை போக
எனக்கு இன்னும் கடிதம் வரேல்லை"
என்றார், கோபமில்லாமல், தகவலாக.
ஐந்து பக்கத்துக்கும் காசு வைத்தார்.
மூன்றாம் பக்கத்துக்கு வாங்க மாட்டோம் என்றோம்.
வைத்துவிட்டே போனார்.

கடை பூட்டும்போது
கொப்பியில் தூரத்தை எழுதப் போனேன்.
விழுந்த இடம் வரை எழுபத்து மூன்று.

"மான் நடந்ததையும் கூட்டு, புள்ள" என்றான் றிஸ்மின்.
கூடாது என்றேன்.
பறந்ததுதான் கணக்கு.
அவன் விடவில்லை. நானும் விடவில்லை.
கிண்ணியா பஸ் ஹோர்ன் அடிக்கும் வரை
அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடந்தது.