குதிரை – 1, இரண்டு நாள்

வாடகைச் சீட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது.
சாக்கை மடித்துப் போட்டு
பெட்டிகளை இறுக்கிக் கட்டியவன் பெயர் அதில் இல்லை.
என் மட்டக்குதிரைக்குச் சடைச்சி என்று பெயர்.
அதுவும் இல்லை.

மலைப்பூண்டு என்றால் மூட்டைக்கு இவ்வளவு என்பேன்.
இது போகும்போது கனமா, வரும்போது கனமா
என்று அமலோற்பவம் டீச்சரைக் கேட்டேன்.
இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி சொன்னார்:
"ரெண்டும் ஒண்ணுதான். ஓட்டுக்கு எடை கிடையாது."

நாவல்துறையிலிருந்து தாண்டிப்பாறைக்கு
எட்டே கிலோமீட்டர். எட்டும் ஏற்றம்.
அங்கே அறுபத்துமூன்று ஓட்டு.
அதற்கு நாலு அலுவலர், ரெண்டு போலீஸ், நான், சடைச்சி.
குறை சொல்லவில்லை.
ஆளைத் தேடிப் பெட்டி போவது நல்லதுதான்.
அதோடு ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும்
நான் தொட முடியாது, அவ்வளவுதான்.
என் ஓட்டு கீழே இருக்கிறது. பாகம் எண் வேறு.

"எங்களுக்குத் தபால் ஓட்டு உண்டு," என்றார் டீச்சர்
கம்பளிக்குள்ளிருந்து.
"உங்களுக்கும் ஏதாவது படிவம் இருந்திருக்கும்.
போன மாசமே கேட்டிருக்கணும்."
போன மாசம் எனக்குத் தெரியாது,
நான்தான் குதிரை என்று.

மறுநாள் பதினோரு மணிக்குள்
நாற்பத்தொரு பேர் குத்திவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார்கள்.
டீச்சர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஓடிப்போய்ட்டு வந்துடுங்க. ஆறு மணிக்கு நீங்க இங்க வேணும்."

இறங்கினேன்.
ஓடைத் திருப்பத்தில் காட்டுமாடு ஒன்று
பாதையை அடைத்து நின்று அசைபோட்டது.
அதற்கு அவசரமில்லை. அரை மணி போயிற்று.
சறுக்குப் பாறையில் இடது செருப்பின் வார் அறுந்தது.
இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனால்
பூட்டியிருக்கிறது; கூரை வேலையாம்,
இந்தத் தடவை கூட்டுறவுச் சங்கத்தில்.
சங்கத்துப் பந்தலில் பட்டியல் புரட்டியவன் சிரித்தான்:
"வேலாண்டி, வயசு நாப்பத்தாறு, பெண்."

எந்த வரிசையில் நிற்பது?
பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. ஆசைதான்.
ஆண்கள் பக்கமே நின்றேன்.
எனக்கு முன்னால் பத்தொன்பது பேர்.
உள்ளே மிஷின் மக்கர் செய்கிறது என்றார்கள்.
பிறகு சரியாகிவிட்டது என்றார்கள்.
பத்தொன்பது பதினேழாவதற்குள்
மணி ரெண்டே முக்கால்.

மேலே ஏற மூன்று மணி நேரம்.
என் பெண்டாட்டி செங்கமலம் மை விரலோடு வந்து
"இருந்து போட்டுட்டுத்தான் போயேன்" என்றாள்.
இருந்தால் அறுபத்துமூன்று பேரின் ஓட்டு
மலையிலேயே கிடக்கும்.
அறுந்த செருப்போடு ஏறவும் முடியாது.
ரேஷன் கடையில் கல் வைப்போமே, அதுபோல
ரெண்டையும் வரிசையில் விட்டுவிட்டு
வெறுங்காலோடு ஏறினேன்.

ஏறும்போது கால் எரிந்தது, புத்தி வேலை செய்தது.
பெட்டி ஏறுகிற மலையில் ஒரு தாள் ஏறாதா?
ஒரு வாரம் முன்னே கொடைக்கானல் சந்தைக்குப் போகும் நாளில்
ஆபீசிலேயே குத்திவிட்டு வர வழி வைத்தால்
யார் குடி முழுகும்?
சடைச்சி முதுகில் வந்த பெட்டியிலேயே
என் பாகத்துக்கும் ஒரு பக்கம் இருந்தால் என்ன?
கள்ள ஓட்டு பயம் என்பார்கள்.
மேலே என்னைத் தெரியாதவன் ஒருவன் உண்டா?
கீழே பட்டியலில் நான் பெண்.

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கப் போய்ச் சேர்ந்தேன்.
டீச்சர் என் விரலைப் பார்த்தார்.
அப்புறம் காலைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல் அரக்கை உருக்கப் போனார்.

டார்ச் வெளிச்சத்தில் இறங்கி
ஜீப்பில் பெட்டிகளை ஏற்றியபோது ஒன்பதரை.
சீட்டில் கையெழுத்துப் போட்டேன்,
குதிரைக்காக.
ஜீப் திரும்பியபோது
சங்கத்துப் பூட்டிய கதவின் மேல் வெளிச்சம் விழுந்தது.
வாசலில் ஒருவருமில்லை.
யாரோ ஒழுங்காக நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.
என் செருப்பு ரெண்டும்
படியை ஒட்டி,
முதல் ஆளாக.