ஹைலைட்ஸ் மைனஸ் அறுபத்திரண்டு

காற்று ஓய்ந்த புரட்டாசிக் கடைசியில்தான்
எங்களுக்கு ஏறுகிற வேலை.
பணகுடிக்குக் கிழக்கே, நாற்பத்தேழாம் காற்றாலை,
எண்பது மீட்டர் ஏணி.
மேலே போனால் கியர் எண்ணெய் வடியும்வரை
முக்கால் மணி நேரம் சும்மா இருக்கலாம்.
அப்போது எடுத்த படம் இது.

மேற்கே மகேந்திரகிரி.
அடியில் நெடுங்குளம் பாளம் பாளமாக வெடித்து,
நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடித்
தேய்த்த பிட்ச்.
பனைகள் ஒவ்வொன்றும்
தன் நிழலைத் தானே மிதித்துக்கொண்டு நின்றன.
பன்னிரண்டரை மணி வெயில்.
படத்தில் எல்லாமே
அலசி அலசி வெளுத்த கைலி நிறம்.

இறங்கி, ஷெட்டில் சோற்றுப் பொட்டலம் பிரிக்குமுன்
போனில் இறக்கினேன் இலவச ப்ரீசெட்டுகளை.
முப்பது. விலை, ஒரு மின்னஞ்சல் முகவரி.
லூர்துராஜ் தன் மைத்துனனின் முகவரியைக் கொடுத்தான்.

நார்டிக் மார்னிங் என்று ஒன்று.
ஒரே ஒரு தொடுதல்.
மலைக்குக் குளிரெடுத்தது.
மஞ்சளெல்லாம் ஆரஞ்சுப் பக்கம் ஒதுங்கியது,
பச்சை பாசியாகிக் கறுத்தது,
கரம்பை மண்ணின் சாம்பலில்
ஒரு நீலம் ஊறி ஊறிக்
கரை தொட்டு நின்றது.
பிறந்து இருபத்தொன்பது வருஷத்தில்
இப்படியொரு காலையை இங்கே கண்டதில்லை.
கண்டதில்லை என்பதற்காகவே
ஸ்டேட்டஸில் வைத்தேன்.

எழுபத்திரண்டு பேர் பார்த்தார்கள்.
துபாயிலிருந்து சித்தி மகன் இதயம் அனுப்பினான்.
இருட்டிய பிறகு மாசானத்தின் அழைப்பு.
வீரவநல்லூர்ப் பக்கம்
கார் அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்.

"தம்பி, நெடுங்குளம் எப்பம் பெருகிச்சு?
இங்க மேய்ச்சல் முடிஞ்சுட்டு.
லாரிக்குச் சொல்லியாச்சு.
விடியமுன்ன எண்ணூறையும் ஏத்திருவேன்."

வாயில் தோசை இருந்தது. விழுங்கிவிட்டு
"அது தண்ணி இல்ல அண்ணாச்சி" என்றேன்.
"பொறவு?"
"கலரு."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
வாத்துகள் மட்டும் பேசின.
"எந்த ஊருக் கலரு வேய்?"

கோபமில்லை. விலாசம் கேட்கிற குரல்தான்.
எனக்குத் தெரிந்தால்தானே.
சூரியன் தயங்கித் தயங்கி வரும் ஏதோ ஒரு நாட்டில்
எவனோ தன் ஊர் வெளிச்சத்துக்குத்
திருகிவைத்த திருகுகள்.
அவன் ஏரிக்கு அது பொய்யில்லாமல் இருக்கலாம்.

"ஒறிசினல அனுப்பும்."
அனுப்பினேன், வெளுத்த கைலியை.
பத்து நிமிஷம் கழித்துக் குரல்செய்தி.
விரல் வைத்து விரித்து விரித்துப் பார்த்திருக்கிறார்.

"தெக்கு மடைக்குக் கீழ,
ஆவாரஞ் செடிக்கு இந்தப் பக்கம்,
பவுனு கணக்கா ஒண்ணு மின்னுதே.
அதுவும் கலரா, இல்ல நெசமா?"

நான் பார்த்திருக்கவில்லை.
ப்ரீசெட் போட்ட படத்தில் அந்த இடம்
சுற்றியுள்ள பொய்நீலத்தோடு பொய்நீலமாய்
மங்கிக் கிடந்தது.
ஹைலைட்ஸ் மைனஸ் அறுபத்திரண்டு.
அதை மட்டும் பூஜ்யத்துக்கு நகர்த்தினேன்.
மின்னியது.

மறுநாள் நாற்பத்தெட்டாம் ஆலையில் ஏறியதும்
எண்ணெய்க் குழாயைத் திறக்குமுன் அங்கேதான் பார்த்தேன்.
ஒரு கட்டில் அகலத் தண்ணீர்.
பக்கத்தில் ஒற்றைக் கொக்கு,
காவலுக்கு நிற்கிற மாதிரி.

"எண்ணூறு வாத்துக்குக் காணாது" என்றேன் போனில்.
"காணாதுதான்."
லாரி நாங்குநேரியைத் தாண்டிவிட்டதாம்,
விஜயநாராயணம் பக்கம் விசாரித்துப் போகிறாராம்.
"இருந்தாலும் இருக்கு, பாத்தீரா" என்றார்,
தானே கொண்டுவந்து ஊற்றியவர் போல.

மிச்சம் இருபத்தொன்பது ப்ரீசெட்
போனில் அப்படியே கிடக்கிறது.
அழிக்க மனசில்லை.
ஐப்பசியில் குளம் பெருகினால்
ஒன்றையாவது போட்டுப் பார்க்கவேண்டும்,
அப்போது அது எதை மறைக்கிறதென்று.