அரைவாசி அடை

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வரும் பாதையில்,
வாவியின் நடுவில் வைத்து,
சாக்குக்குள்ளிருந்து கூவிற்று சேவல்.
மோட்டார் சைக்கிளோடு நின்ற இருவரும்
மீன்பெட்டி வைத்திருந்தவளும்
என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்,
நான் கூவியதுபோல.

செங்கபில நிறம். மஞ்சள் கால். ஒற்றைக் கொண்டை.
"றோட் ஐலண்ட், கலப்பில்லாதது" என்றார் கோணாமலை.
இரண்டாயிரத்து எண்ணூறு வாங்கினார்.
"வருசத்துக்கு இருநூறு முட்டை இடுற ரத்தம் பிள்ளை."
சேவலைக் காட்டித்தான் சொன்னார்.

வீட்டில் கறுப்பி இருந்தாள்.
ஊர்க்கோழி. கீரியை ஒருதரம் கொத்திக் கலைத்தவள்.
பதினொரு முட்டை, மறுகா அடை.
பதினொரு முட்டை, மறுகா அடை.
கிடக்கும் நாளில் கைநீட்டினால்
ரத்தம் காணாமல் விடமாட்டாள்.

மில்லில் கணக்கெழுதுகிறவள் நான்.
சி.ஆர். கொப்பியில் கோடு போட்டேன்:
இடப்பக்கம் கறுப்பி, வலப்பக்கம் அவன்.
அவன் பக்கத்து முட்டையும்
இவளுடைய பொறுமையும்
ஒரே உடம்பில் வந்து சேர
நடுவில் ஒரு நிரலை வெறுமையாக விட்டேன்.

மதிலுக்கு மேலால் அரசமலர் கேட்டாள்:
"என்னகா, பொரிக்கிற குஞ்செல்லாம் என்ன குடி?"
"தாயிர குடிதான். வேற என்ன?"
"அப்ப கறுப்பியிர குடி" என்று தீர்ப்புச் சொல்லி
மீன் வெட்டப் போனாள்.
மதிலில் அவளுடைய மொட்டைக்கழுத்துச் சேவல்
தீர்ப்பைக் கேட்டபடி நின்றது.

தை பிறக்கும்போது நாலு விடைக்கோழிகள்.
மூன்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
நாலாமவள் செம்பி,
கறுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் செம்பு ஏறியிருந்தது.
இட்டாள். இட்டாள். இருபத்தாறு நாள்
இடையில் இரண்டே இரண்டு நாள்தான் விட்டாள்.
இருபத்தேழாம் நாள் குரல் மாறிக் கேறினாள்.
இறகை உப்பிக்கொண்டு கூடையில் ஏறினாள்.

ஒன்பது முட்டை வைத்தேன்.
கைநீட்டினேன், கொத்தவில்லை.
எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

பன்னிரண்டாம் நாள் விடிய
எழும்பிப்போய் கொய்யாவடியில் மண்குளித்தாள்,
யாரோ ஏவிய வேலையை
ஏவிய அளவுக்குச் செய்து முடித்தவள் மாதிரி.
தூக்கிவந்து வைத்தேன். எழும்பினாள்.
மறுகாவும் வைத்தேன்.
கூடையே கவிழ்ந்தது, ஒன்று உடைந்தது.

கோபம்தான்.
மில்லில் நெல்மூட்டை எண்ணும்போது பிடிபட்டது:
இருபத்தொரு நாளில் பாதி பத்தரை.
பாதி ரத்தக்காரி
அரை நாள் கூடுதலாகவே கிடந்துவிட்டுத்தான்
எழும்பியிருக்கிறாள்.
கணக்கில் அவளிடம் பிழையில்லை.

மீதி நாட்களை நான் எடுத்தேன்.
றெஜிபோம் மீன்பெட்டி, நாற்பது வாட்ஸ் பல்ப்,
ஒரு சிரட்டை தண்ணீர்.
நாளுக்கு நாலு தரம் புரட்டினேன்.
பதினைந்தாம் நாள் இரவு கரண்ட் போயிற்று.
எட்டு முட்டையையும் பழைய சாறித் துண்டில் சுற்றி
வயிற்றோடு வைத்துக்கொண்டு
மல்லாந்து கிடந்தேன், இருமப் பயந்து.
இரண்டே முக்கால் மணித்தியாலம்.
அதற்குள் என் மூக்கு அரித்ததை
கொப்பியில் எழுத நிரல் இல்லை.

மூன்று பொரித்தன.
ஒன்று செம்பு. ஒன்று கறுப்பு.
மற்றதற்குக் கழுத்தில் மயிரே இல்லை,
தொண்டையில் மட்டும் ஒரு கிள்ளுப் பஞ்சு.

மதிலுக்கு மேலால் தூக்கிக் காட்டினேன்.
அரசமலர் பார்த்தாள்,
தன் சேவலைக் கிறுகிப் பார்த்தாள்.
"நான் குடியைத்தானே கேட்டன்" என்றாள்,
"தகப்பனைக் கேக்கல்லையே."

பின்னேரம் செம்பி வந்தாள்.
தலையைச் சரித்து
ஒற்றைக் கண்ணால் பெட்டிக்குள் பார்த்தாள்:
பல்ப், சிரட்டை, மூன்று குஞ்சு.
தெரிந்தவர்கள் யாருமில்லை என்பதுபோல
கூடைக்குப் போய்
அன்றைக்குரியதை இட்டாள்.