ஒன்றரைச் சாண்

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, அருங்காட்சியகத்தில் இலவசம்.
வெளியே முப்பத்துநாலு பாகை.
குளிர்ச்சிக்காகத்தான் போனோம் என்பதைப்
பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று பேர்.
பாசல் ஆஸ்பத்திரியின் கட்டில்களை
இயந்திரத்துக்குள் தள்ளிக் கழுவும் நான்,
என்னோடு கழுவும் பேசாலை மரியநேசன்,
கீழ்த்தளத்தில் இறந்தவர்களைத் துடைத்துத்
தலைவாரி அனுப்பும் வ்ரேனி.
பன்னிரண்டு வருடமாய் ஒரே மேசையில் சாப்பாடு.

படம் சவப்பெட்டியின் பக்கப்பலகை போலிருந்தது.
நீளம் ஓர் ஆள். உயரத்தை
நேசன் காற்றில் விரல் விரித்து அளந்தான்:
"ஒன்றரைச் சாண். புரண்டு படுக்க இடமில்லை, பார்."
காவலாளி இருமினார். கையை இறக்கினான்.

உள்ளே கிறிஸ்து,
வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில்.
வாய் திறந்து
கண் திறந்து
கை பச்சை பூத்து.

வாசித்து வந்த கதையை எடுத்துவிட்டேன்:
ஹோல்பைனுக்கு அப்போது இருபத்துநாலு வயதிருக்கும்.
ரைன் நதியில் மிதந்து வந்த பிணம் ஒன்றைக்
கரையேற்றி, பக்கத்தில் குந்தியிருந்து வரைந்தானாம்.
உண்மையோ தெரியாது, அப்படியொரு பேச்சு.

"விசர்க்கதை," என்றான் நேசன்.
"தண்ணியில கிடந்த ஆளில்லை இது.
தண்ணி எடுத்தால் வயிறு மத்தளம் மாதிரி வரும்.
விரல்தோல் கையுறை மாதிரிக் கழண்டு வரும்.
கண்ணை மீன் விட்டுவைக்காது.
இவன்ர வயிறு ஒட்டிக் கிடக்கு.
இவன் தரையில செத்தவன். பசியில."

எத்தனை பேரைக் கரைக்கு இழுத்தவன் என்று
அவன் சொன்னதில்லை.
இன்றைக்கும் நான் கேட்கவில்லை.

வ்ரேனிக்கு ஜெர்மனில் சொன்னேன்,
மீனை மட்டும் விட்டுவிட்டு.
அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இந்த நடுவிரல் துணியை இழுத்திருக்கிறது.
விரலடியில் சுருக்கம் தெரிகிறதா?
இறந்தவர்கள் விரிப்பை இழுப்பதில்லை.
விறைத்த பிறகு யாரோ கையைப் பிடித்து
நேராக்கப் பார்த்திருக்கிறார்கள்.
முடியவில்லை, விட்டுவிட்டார்கள்.
எனக்கு வாரத்துக்கு மூன்று தடவை நடக்கிறது."

"அந்த யாரோ எங்கே?"

"ஒன்றரைச் சாணில் அவளை எங்கே வைப்பது?"

முதல்தடவையாக அது ஒரு 'அவள்' ஆனது.
நேசன் அதைக் கவனிக்கவில்லை.
அவன் கண் முகத்துக்கு நகர்ந்திருந்தது.
"வாயையாவது மூடிவிட்டிருக்கலாம், கேள் அவளிட்ட."
கேட்டேன்.
"மூடலாம். உடனே செய்ய வேண்டும்.
இப்போது பிந்திவிட்டது."
"எவ்வளவு பிந்திவிட்டது?"
"ஐந்நூறு வருடம்," என்று சொல்லி வ்ரேனி சிரித்துவிட,
காவலாளி இரண்டாம் முறை இருமினார்.

வெளியே வெயில் அப்படியே நின்றது.
வெட்ஸ்டைன் பாலம் கடந்து மறுகரைக்கு இறங்கினோம்.
பாதி நகரம் நதியில் மிதந்துகொண்டிருந்தது,
உடுப்பைச் சுருட்டி மீன்வடிவப் பைக்குள் அடைத்து
அதைக் கட்டிக்கொண்டு.
வ்ரேனியிடமும் ஒரு பை, செம்மஞ்சள் மீன்.
அதன் வாயைச் சுருட்டி மூடினாள்.
மூக்குக்கண்ணாடியை நேசனிடம் தந்தாள்.
நதி ஓடிவரும் திசையைப் பார்த்து நடந்தாள்.

நேசன் இந்த நதியில் கால்கூட நனைத்ததில்லை.
படியில் உட்கார்ந்து
கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தான்.
துடைத்ததையே துடைத்தான்.

கால் மணி நேரம் கழித்து வந்தாள்.
மல்லாந்து, வானத்தைப் பார்த்து,
பையின் மேல் ஒரு கையோடு.
கண் திறந்திருந்தது.
வாயும்.

நேசன் எழுந்துவிட்டான்.
"வாயை மூடடி!" என்று
அவளுக்குத் தெரியாத தமிழில் கத்தினான்.
இன்னொருமுறை கத்தினான்.
பிறகு, கண்ணாடியைப் பிடித்தபடி
கரையோடு ஓடத் தொடங்கினான்.

வ்ரேனி தலையைத் திருப்பவில்லை.
தண்ணீரிலிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்து
சாவதானமாய்
இங்கேதான் இருக்கிறேன் என்று ஆடியது.