மற்றவை, குறிப்பிடுக

ஒட்டுசுட்டானில் எனக்குச் சிக்னல் கிடைப்பது
தண்ணித்தாங்கிக்குக் கீழே மட்டும்.
ஊரடங்கு. மடியில் வினாக்கொத்து,
பதினேழு நாடுகளுக்கும் ஒரே கேள்விகள்.

கடந்த மூன்று மாதத்தில்
கருத்தடை மாத்திரை கிடைக்காமல் போனதா?
தமிழில் இதை முதன்முதல் சத்தமாய்ச் சொன்னபோது
தாங்கியில் இருந்த குரங்கு
என்னைத் திரும்பிப் பார்த்தது.

தர்மசீலி அக்கா போனை எடுத்தா.
பின்னால் ஒரு இருமல்,
வேலைக்குப் போகாத செருப்பின் சத்தம்.
"ஓம் பிள்ளை, கோழித்தீவனம் முடிஞ்சுது.
பங்குனியில இருந்து இல்லை.
கொண்டுவாற மிஸ்ஸும் வாறேல்லை."

கோழி வளர்க்கும் வீடில்லை அது.

அடுத்தது:
விருப்பமில்லாதபோது
மறுக்க முடிந்ததா?

கிணற்று மோட்டர் மட்டும் கனநேரம் ஓடியது.
பிறகு, சிரிப்பது மாதிரி:
"சேவலையும் இப்ப கூட்டுக்குள்ளதானே அடைச்சிருக்கு.
பேடு எங்கை போறது?"

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
பதிலளிக்கவில்லை, தொண்ணூற்றொன்பது.
விரல் அதற்கு மேலே நின்றது.
கடைசிக் கட்டத்தில்
ஒரு சொல்லுக்குத்தான் இடமிருந்தது.
எழுதினேன்.

வெள்ளிக்கிழமை சூமில்
ஏதோ ஒரு நாட்டின் விடியலில் இருந்து
ஒருவர் கேட்கிறார்:
வன்னித் தரவில்
சேவல் என்பது என்ன குறியீடு?

என் மைக் மூடியிருக்கிறது.
தாங்கி நிரம்பி வழிகிறது.